நறுவீ நாச்சியாருக்கு நஞ்சுமுறி நிறுத்திய ஓலை

நன்மை பெருகுக. மும்மலை சூழ்ந்த குன்றெயில் நாட்டில், அரியணைக்கு உரிய நறுவீ நாச்சியாரின் பேரால் ஆட்சி நடத்தும் பேரமைச்சன் மருதவேள், கானலூர் நாட்டு வேந்தரும் நாச்சியாரின் தாய்மாமனாருமாகிய நெடுந்திரையர் திருமுன் விடுக்கும் ஓலை. தேவரீர் துறைகளில் கலங்கள் குறைவின்றி அணைக. தேவரீர் கோட்டைக் கதவுகள் பகைவர்க்கு அடைத்தும் உறவினர்க்குத் திறந்தும் நிற்க.

நாச்சியாருக்கு இப்போது ஒன்பது வயது. ஈராண்டாக உடல் மிகப் பருத்து, கொலுமண்டபப் படிகளில் பாதிகூட ஏற இயலாமல் அமர்ந்து மூச்சு வாங்குகிறார். எம் நாட்டு வழக்கப்படி, அரசுக்குரிய பிள்ளை உண்பதை அதே வயதுப் பிள்ளை ஒன்று முன்னதாக அதே அளவில் உண்ண வேண்டும். உணவில் நஞ்சிருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடும். அரண்மனை அடுக்களையின் மடைத்தலைவன் கோடனின் மகள் சேந்தி அவ்வாறு உண்டு வந்தாள். ஒரே சோறு, ஒரே நெய். ஆயினும் சேந்தி ஒல்லியாகவே இருந்தாள். கோடன் நாச்சியாருக்கு மறைவில் தின்பண்டம் ஊட்டுகிறான் என்றும், தன் மகளை உண்டதைக் கக்கச் சொல்கிறான் என்றும் ஐயுற்று அவனைச் சிறையில் இட்டோம். அடுக்களையைக் கண்காணிக்க எழுவரை வைத்தோம். அவ்வெழுவரைக் கண்காணிக்க இருவரை வைத்தோம். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் எம் ஐயம் இன்னும் வலுத்தது.

அந்நிலையில் தேவரீர் அனுப்பிய மருத்துவர் உறையனார் வந்து சேர்ந்தார். வந்த நாள் முதல் அவரையும் ஐயுற்றோம் என்பதை மறைப்பதற்கில்லை. நாச்சியாருக்கு ஏதேனும் நேர்ந்தால் இவ்வரியணை தேவரீரையே சேரும் என்பது தேவரீர் அறியாததன்று.

மாந்தர் குடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன என்றும், உண்டதில் எவ்வளவு உடலில் தங்குவது என்பதில் அவற்றுக்கும் பங்குண்டு என்றும், இளமையில் கடும் மருந்தால் அவை அழிந்தால் அளவான உணவும் உடலைப் பருக்கச் செய்யலாம் என்றும் அவர் உரைத்தார். பருமனுக்கு இதுவொன்றே காரணம் என்று தாம் சொல்லவில்லை. ஆயினும் நாச்சியார் பிறந்தது முதல் நாள்தோறும் உட்கொள்ளும், நஞ்சை முறிக்கும் மருந்தாகிய நஞ்சுமுறியை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றார். சேந்திக்கு அம்மருந்து கொடுப்பதில்லை. கொடுத்தால் உணவிலுள்ள நஞ்சு அவளிடம் வெளிப்படாது. இதைக் கேட்டு யாம் சிரித்தோம். நஞ்சு வைக்க நினைப்பவன் முதலில் கேட்கக்கூடியதும் இதுவே அன்றோ.

ஆயினும் எவருக்கும் சொல்லாமல், ஓர் ஈற்றில் பிறந்த இரண்டு நாய்க்குட்டிகளை எம் தோட்டத்தில் வளர்த்து, எம் கையாலேயே இரண்டுக்கும் ஒரே கஞ்சியை அளந்து ஊற்றி, ஒன்றுக்கு மட்டும் நஞ்சுமுறி கொடுத்து வந்தோம். நான்கு திங்களில் அது நடக்க மாட்டாமல் உருண்டு திரண்டது; மற்றது ஒல்லியாகவே ஓடித் திரிந்தது. அங்கே ஐயுறுவதற்கு எம்மைத் தவிர எவரும் இல்லை. நாச்சியாரின் நாவில் ஒன்பது ஆண்டுகள் அம்மருந்தைத் தடவியவரும் யாமே. குழந்தை முகம் சுளித்து அழுதபோதெல்லாம், இது உயிர் காக்கும் கசப்பு என்று தேற்றினோம். எழுதவே நாணுகிறோம்.

நஞ்சுமுறியை மறைவாக நிறுத்தினோம். கோடனை விடுவித்து, அவையறிய அவனிடம் பிழை பொறுக்கக் கேட்டோம். மருத்துவர் சொற்படி நாச்சியார் இப்போது அவன் வீட்டில் பழைய சோறும் மோரும் கீரையும் உண்கிறார். பலன் தெரிய நாளாகலாம் என்கிறார் மருத்துவர்.

இனித் தேவரீர் கருத்தில் கொள்ள வேண்டியது. நாச்சியார் உடலில் இன்று நஞ்சை எதிர்க்கும் மருந்து ஒரு துளியும் இல்லை. இதை மருத்துவரும் யாமும் அன்றி வேறெவரும் அறியார். இப்போது தேவரீரும் அறிவீர். ஆகவே முடிசூட்டு நாள் வரை மருத்துவர் எம்மிடமே தங்குவார்; அவருக்கு ஒரு குறையும் வராது. ஒவ்வொரு வேளையும் நாச்சியாருக்கு முன்னதாக உண்ணும் பணியிலிருந்து சேந்தியை நீக்கி, அப்பணியை மருத்துவருக்கே அளித்துள்ளோம்.

மும்மலைப் பொறி இட்டு, மருதவேள் கைப்பட எழுதியது. தேவரீர் மருமகளை வாழ்த்தி மறு ஓலை விடுக்க. ஓலையோடு தின்பண்டம் எதுவும் அனுப்பற்க.