ஸ்லிப்பு பேசறேன்

அக்டோபர் 14, செவ்வாய்

ஆபீஸ் போன் அடித்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலாளி லத்தீப் பாய் விளக்குச் சூளைப் பக்கத்திலிருந்து ஓடிவந்து எடுத்தார். பேசி முடித்துவிட்டு, "அது கடிக்காதும்மா வேல்விழி" என்றார்.

பில் போடுவேன். வாட்ஸ்அப்பில் வரும் இங்கிலீஷுக்குப் பதில் அடிப்பேன். குரல் என்று வந்தால்தான் கை போன் பக்கமே போகாது.

அப்பா சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "கார்த்திகை தீபம் வரைக்கும் போயிட்டு வா. வேலை நெலச்சா பாக்கலாம். இல்லன்னா வேப்பூர் மாப்ள வூட்டுக்குச் சரின்னு சொல்லிடுவேன்."

அக்டோபர் 16, வியாழன்

பெரியம்மாள் அக்கா யானை விளக்கு வார்ப்பதைப் போய்ப் பார்த்தேன். பால் போல ஒரு மண்கரைசல். "இதான் ஸ்லிப்பு" என்று பிளாஸ்டர் அச்சின் வாயில் ஊற்றினார். அச்சு தண்ணீரைக் குடித்துவிடுமாம். மண் அச்சின் சுவரோடு ஒண்டி நிற்குமாம். மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டினால் உள்ளே வெறும் காற்று, யானை வடிவத்தில். காது, தும்பிக்கையை ஒட்டுவதற்கும் அதே ஸ்லிப்தான்.

"அப்புறம் எப்படிக்கா வெளிய எடுப்பீங்க?"

"நாம எங்க எடுக்கறது? காஞ்சா சுருங்கும். அதுவா வுட்டுக்கும்."

வீட்டுக்குத் திரும்பும் நல்லூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சுவரோடு ஒண்டி நிற்பது எனக்கும் தெரியும்.

அக்டோபர் 23, வியாழன்

மழை. முதலாளி ஊரில் இல்லை. எங்களிடம் விளக்கு வாங்கும் புதுச்சேரி கடை பானுமதி மேடத்திடமிருந்து இங்கிலீஷில் ஒரு செய்தி: லோடுடன் ஸ்லிப் அனுப்பவும்.

வழியில் காது உடைந்தால் ஒட்டுவதற்காக இருக்கும். ஒரு கேன் நிறைய ஏற்றிவிட்டேன். டிரைவர் தங்கதுரை அண்ணன் "இது என்னா, பாலா?" என்றார். "ஸ்லிப்புண்ணா" என்றேன், பெருமையாக.

போன் செய்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோ?

அக்டோபர் 24, வெள்ளி

செத்தேன்.

மேடம் கேட்டது சரக்குச் சீட்டு. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எழுதிய துண்டுக் காகிதம். போய்ச் சேர்ந்தது கேன். அதுவும் மூடி கழன்று, அவர் கடை வாசலெல்லாம் வெள்ளைச் சேறு.

"ஸ்லிப்புன்னா சீட்டும்மா! ரேஷன் கடையில நிக்கற யாரக் கேட்டாலும் சொல்லுவாங்களே. நீ இங்கிலீஷ் படிச்ச பொண்ணுதானே?" லத்தீப் பாய் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பிறகு குரலை இறக்கி, "கார்த்திகை ஆர்டரே வேணாங்கறாங்க. நாளைக்கு நீயே பேசு. அவங்க சரின்னா நீ இரு. இல்லன்னா..." என்று சூளைப் பக்கம் திரும்பி நடந்தார்.

அதற்குள் அச்சு வேலைப் பெண்கள் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். "ஸ்லிப்பு வருது, வழுக்கி வுழுந்துடாதீங்கடி!"

ஏன் நான் கேக்கல? வாயத் தொறந்து கேட்டா என்னா கொறஞ்சிடும் எனக்கு?

பஸ்ஸில் முகத்தை மறைக்கப் போனை எடுத்து அகராதியைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அழுகை நின்றுவிட்டது. ஸ்லிப் ஒரே சொல் இல்லை. வழுக்குவது ஒன்று. வெட்டிய துண்டு இன்னொன்று, டச்சுக்காரர்கள் பக்கமிருந்து வந்தது போலிருக்கிறது. சீட்டும் அதுதான், நடுவதற்கு ஒடிக்கும் போத்தும் அதுதான். மண் ஸ்லிப் வேறு. பழைய இங்கிலீஷில் சேறு, கூழ். மாட்டுச் சேறு என்று சாணியைச் சொல்லி, அதையே ஒரு மஞ்சள் பூவுக்கும் 'கவ்ஸ்லிப்' என்று பேராக வைத்திருக்கிறார்கள்! யார் அந்தப் பூவை முதலில் அப்படிக் கூப்பிட்டது? பூ திரும்பிப் பார்த்திருக்குமா?

சேலத்திலிருந்து ஒரு ரயில், கடலூரிலிருந்து ஒன்று, திருச்சியிலிருந்து ஒன்று. நம் ஜங்ஷனில் மூன்றும் பக்கம் பக்கமாக நின்று மூச்சு வாங்குகின்றன. நான் வண்டி மாறி ஏறிவிட்டேன். அவ்வளவுதான்.

அக்டோபர் 25, சனி

பேசினேன்.

சொல்ல வேண்டியதை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். வியர்வையில் அழிந்துவிட்டது. "ஹலோ, யாரு?" என்று அவர் கேட்டதும் வாயில் வந்தது இது:

"ஸ்லிப்பு பேசறேன் மேடம்."

அந்தப் பக்கம் எதையோ டக்கென்று கீழே வைக்கும் சத்தம். பிறகு ஒரு சிரிப்பு. "நீதானாம்மா அது? என் வாசல்ல நீ போட்ட கோலம் இன்னும் போகல."

மன்னிப்புக் கேட்டேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று சொல்லத் தொடங்கி, மூன்று ரயிலையும் சொன்னேன், மஞ்சள் பூவையும் சொன்னேன்.

"சாணிக்குப் பூன்னு பேரா?"

"இல்ல மேடம். பூவுக்குச் சாணின்னு பேரு."

"நல்ல பொண்ணு போ. சரி, வெளக்கு வரட்டும். இந்தத் தடவை காகிதம். ஈரமில்லாத காகிதம்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் லத்தீப் பாய் வாசலில் நிற்கிறார். கையிலிருந்த டீயில் ஆடை படிந்திருந்தது.

நவம்பர் 8, சனி

அச்சைத் திறக்கும்போது பக்கத்தில் நின்றேன். யானை அதுவாக விட்டுக்கொண்டு வந்தது. சத்தமே இல்லை.

டிசம்பர் 4, வியாழன்

நேற்று தீபம். எங்கள் வாசலிலும் ஒரு யானை விளக்கு. தும்பிக்கை கோணல், விற்க முடியாது என்று பெரியம்மாள் அக்கா கொடுத்தது. சுடர் ஆட ஆட, அதன் நிழல் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரில் நடந்தது.

அப்பாவின் போன் அடித்தது. வேப்பூர் மாப்பிள்ளை வீடு. அப்பா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார்.

"ஒனக்கு வேலை நெலச்சிடுச்சி, இப்ப வேணாம்னு சொல்லணும். எனக்கு வாயே வரல. நீதான் புதுச்சேரி வரைக்கும் பேசறியாமே. இந்தா."

வாங்கினேன்.

"வேல்விழி பேசறேங்க."