செல்ஃப் பிடிக்காத லாரி

1967 பிப்ரவரி 13, திங்கள்

இட்லிக்கு ஊறப் போட்டேன். துளசிராமன் போய் முப்பத்தைந்து நாள்.

லாரியை விலைக்குப் பார்க்கப் பங்காருபேட்டையிலிருந்து ஒருத்தர் வந்தார். வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் பட்டனை அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என்ஜின் அசையவில்லை. "செல்ஃப் எடுக்காத வண்டிய நான் இன்னா பண்றது? சரி பண்ணிச் சொல்லியனுப்புங்கம்மா"ன்னு போய்விட்டார்.

இந்தச் செல்ஃப்தான் என் பிள்ளையைக் கொண்டுபோனது. மூணு மாசமாய் இப்படித்தான். பேட்டரி புதுசு போட்டாச்சு, டைனமோவைக் கழற்றி மாட்டியாச்சு. பிறகு வண்டியை எப்போதும் இறக்கத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கல்லை எடுத்து உருட்டி ஸ்டார்ட் பண்ணுவார்கள். அன்றைக்குப் பாலகாட் சுரங்கத்து இறக்கத்தில், விறகு லோடோடு, கல்லை எடுக்க இறங்கியவன் துளசிராமன். ஸ்டீரிங்கில் டிரைவர் ராஜமாணிக்கம். என்ஜின் ஓடாதபோது பிரேக் முழுசாய்ப் பிடிக்காது என்கிறார்கள். எனக்கு என்ன தெரியும். வண்டிக்கும் மண் கரைக்கும் நடுவில் அவன்.

டிரைவர் வண்டியைக் கவனிக்கவில்லை என்று ஸ்டேஷனில் சொன்னது நான்தான். ராஜமாணிக்கத்தின் லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டு கேஸ் எழுதியிருக்கிறார்கள்.

சொன்னேன். சொன்னதில் தப்பில்லை.

பிப்ரவரி 15

ராஜமாணிக்கம் பெண்டாட்டி ரத்தினம்மா வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அம்மா, அவரு ஜெயிலுக்குப் போயிடுவாருன்னு வக்கீலு சொல்றாரு. நீங்க ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா..."

"நான் சொன்ன வார்த்தைய மாத்தினது கிடையாது."

"அவரு அப்பவே சொன்னாரும்மா. செல்ஃப் அழுத்தினா ஆக்ஸிலேட்டர் வயரு சுடுதுன்னு."

"சுட்டா ஊதிக்க வேண்டியதுதானே"ன்னு சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மூணு மாசம் முன்னால் ராஜமாணிக்கத்துக்கும் இதையேதான் சொன்னேன். துளசிராமன்கூட சிரித்தான். காலில் மிதிக்கிற ஆக்ஸிலேட்டர் வயருக்குள் கரண்டு எங்கிருந்து வரும், குடிச்சிட்டுப் பேசறான் என்று.

பிப்ரவரி 16

மருமகள் அம்சவேணி சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 20, திங்கள்

வண்டியை விற்றாக வேண்டும், வாசலில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை. பஜார் மெக்கானிக்குகள் கையை விரித்துவிட்டார்கள். தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் எலக்ட்ரிக் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஹரோல்டுக்குச் சொல்லியனுப்பினேன். காலையில் வந்தார். கூடவே அவர் பெண்சாதி ஃப்ளோரா. "தனியா விட்டா மதியத்துக்கு வீட்டுக்கு வரமாட்டார்"னு சொல்லி நாற்காலி கேட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஹரோல்ட் எதையும் கழற்றவில்லை. ஹெட்லைட்டைப் போட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"லேடி, முன்னால நின்னு லைட்டப் பாருங்க. நான் செல்ஃப் அழுத்தறப்போ மங்குதா சொல்லுங்க."

டக். லைட்டு அப்படியே பளிச்சென்று நின்றது.

"மங்கலையே."

"மங்கலன்னா பேட்டரி நல்லாருக்கு. பேட்டரியிலருந்து சேஸி வரைக்கும், அடிச்சட்டம் வரைக்கும், வழியும் நல்லாருக்கு. கரண்டு என்ஜினுக்குப் போயிட்டுத் திரும்பி வரணும் லேடி, அந்தத் திரும்பற வழிதான் எங்கியோ அடைச்சிருக்கு. அடைச்சா அது சும்மா இருக்காது, கெடைக்கிற சந்துல நுழையும்."

மறுபடி அழுத்திக்கொண்டே, "ஆக்ஸிலேட்டர் வயரத் தொட்டுப் பாருங்க"ன்னார். தொட்டேன். பிடித்துக்கொண்டே நின்றேன். ஃப்ளோரா வந்து என் கையைத் தட்டிவிட்டாள். இரண்டு விரலில் கொப்பளம். சுட்டது எனக்குத் தெரியவில்லை.

ராஜமாணிக்கம் சொன்னது நிஜம்.

ஹரோல்ட் ஒரு தடி கேபிளை என்ஜினிலிருந்து சேஸிக்குப் பிடித்தார். அழுத்தியதும் என்ஜின் எடுத்துக்கொண்டது. வீடே அதிர்ந்தது. அம்சவேணி ஜன்னலைச் சாத்தினாள்.

பிப்ரவரி 21

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியையும் எழுதிவிட வேண்டும்.

என்ஜினுக்கும் சேஸிக்கும் நடுவில் செம்புக் கம்பி பின்னிய பட்டை ஒன்று இருக்கிறது. எர்த் பட்டை என்றார் ஹரோல்ட். கரண்டு திரும்புகிற வழி அதுதான். அதைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினார். இரும்பு தெரியவில்லை. பச்சைச் சாயம். ரெண்டு பூச்சு. சாயத்தின் மேலேயே பட்டையை வைத்து முடுக்கியிருந்தார்கள்.

"சாயத்துல கரண்டு போவாது லேடி. போல்ட்டு வழியா கொஞ்ச நாள் போயிருக்கும், மழையில அதுவும் துரு ஏறிடுச்சு. யாரு அடிச்சது?"

சுரண்டக் கத்தி எடுத்துவர உள்ளே போனேன்.

ஆயுத பூஜைக்கு அடித்தது. பஜாரில் எல்லாரும் மேலே மட்டும்தான் அடிப்பார்கள். நம்ம லாரி அடியிலும் பளபளன்னு இருக்கணும், ஒரு அங்குலம் துரு தெரியக்கூடாது என்று சொன்னது நான். ராஜமாணிக்கம், "அடியில வேணாம்மா, நட்டு போல்ட்டுல்லாம் கழட்டணும்"ன்னான். "உன் வீட்டு வண்டியா?"ன்னு கேட்டேன். நாலு நாள் லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டு அடித்து முடித்தேன். திரும்பி வந்தவன் வண்டிக்கு மாலை கட்டினான். பூஜையன்று எல்லாரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். எனக்கு எவ்வளவு பெருமை.

ஹரோல்ட் சாயத்தைச் சுரண்டி, பட்டையை முடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டார். "நான் யார்கிட்டயும் பேசறதில்ல லேடி. ஃப்ளோராவும் பேசமாட்டா." ஃப்ளோரா தலையாட்டினாள்.

இதற்குப் பேர் என்ன? என்னைக் காப்பாற்றுகிறார்களா?

பிப்ரவரி 22

சொல்லாமல் இருக்கலாம். யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 24

ரத்தினம்மா பஜாரில் எதிரே வந்தாள். என்னைப் பார்த்து ஒதுங்கி வழி விட்டாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 25, சனி

அம்சவேணியிடம் முதலில் சொன்னேன். ஸ்டேஷனில் சொன்னால் எப்படியும் அவள் காதுக்கு வரும். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சாயத்தைச் சொன்னேன், வேண்டாமென்று ராஜமாணிக்கம் சொன்னதைச் சொன்னேன். முறத்திலிருந்து தலை தூக்கவில்லை.

பொறுக்கிய கல்லைத் தனியே வைத்துவிட்டு, "அவருக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியாது. கடைசி வரைக்கும் பேட்டரியத்தான் திட்டிக்கிட்டிருந்தான்."

"சரி."

அந்த அரிசியைத்தான் உலை வைத்தாள். பல்லில் கல் கடிபடவில்லை.

பிப்ரவரி 27

ஸ்டேஷனுக்குப் போனேன். ராஜமாணிக்கத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள் போல, பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பதினாலு வருஷப் பழக்கம். இளைத்திருக்கிறான். உட்கார் என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் சொல்லச் சொல்ல ரைட்டர் கன்னடத்தில் எழுதி, மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். கட்டை விரல் வைக்கவாம்.

"எனக்கு எழுத வரும். காகிதம் குடுங்க."

தமிழிலேயே எழுதினேன். விரல் கொப்பளத்தில் பேனா அழுத்தியது. ஆயுத பூஜைக்கு லாரி அடியில் சாயம் அடிக்கச் சொன்னது நான். டிரைவர் வேண்டாம் என்றான். வயர் சுடுவதாக அவன் சொன்னான், நான் கேட்கவில்லை. முன்பு நான் சொன்னது தப்பு. எழுதியதை எல்லார் முன்னாலும் சத்தமாய்ப் படித்துக் காட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர். படித்தேன். வாசலில் ஆண்டர்சன்பேட்டை கடைக்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

வெளியே வந்தபோது ராஜமாணிக்கம் பின்னாலேயே வந்தான். "வெயிலா இருக்குதும்மா. ஜட்கா கூப்பிடட்டுமா?"

"வேணாம். நடந்துக்கறேன்"ன்னேன். அவனிடம் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 2

அதைச் சொல்ல அவன் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். ரத்தினம்மா அழுதாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நானாவது கழட்டிப் பாத்திருக்கணும்மா"ன்னான்.

மார்ச் 18

கேஸை வாபஸ் வாங்கிவிட்டார்கள். லைசென்ஸ் கொடுத்தாச்சாம்.

ஏப்ரல் 3, திங்கள்

லாரி போச்சு. பங்காருபேட்டைக்காரர் ராஜமாணிக்கத்தையே டிரைவராய் வைத்துக்கொண்டார். அவன்தான் எடுத்துப்போக வந்தான். ஏறுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து, பட்டையைக் கையால் அசைத்துப் பார்த்தான். செல்ஃப் ஒரே அழுத்தில் பிடித்தது.

மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்சவேணி சமையல்கட்டிலிருந்து வந்து, என்னிடமிருந்து இரண்டடி தள்ளி நின்று, பேத்தி குணசுந்தரியைக் கூப்பிட்டாள். ஒரு மாசமாய் இப்படித்தான்.

"ஆயாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆச்சுன்னு."

குழந்தை என்னைப் பார்த்தது.

"வரேன்னு சொல்லு"ன்னேன்.