எங்கேயும் போகாத வாத்து

என் மாலுவுக்கு,

போய்ச் சேர்ந்தவளிடம் நலமா என்று கேட்க எனக்கு வரவில்லை. கோபமாக இருக்கிறேன். உன் மேலும்தான். இன்றைக்கு ஏரிக்கரையில் நின்று கத்த வேண்டியவள் நீ.

என் பிள்ளை யாழினிக்கு நெஞ்சுச் சளி. குறிஞ்சிப்பாடியில் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கரை வழியாகத் திரும்பினேன். சிதம்பரத்தில் விலங்கியல் படித்தபோது பஸ் ஏறி வந்து நிற்போமே, அதே மதகடி. தூர்வார வந்த பொக்லைன் ஒன்று கோரையை வேரோடு வாரிக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டியைக் குறுக்கே நிறுத்தி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். மேற்பார்வை பார்த்தவர் சொன்னார், "சீசன் முடிஞ்சிடுச்சும்மா. பறவைலாம் வெளிநாடு போயிடுச்சு."

"புள்ளிமூக்கு வாத்து போகாதுங்க. இந்தக் கோரைக்குள்ளதான் முட்ட வைக்கும்."

"ரெக்க இருக்குதுல்ல? பறந்துக்கும்."

"குஞ்சு எப்டிங்க பறக்கும்?"

"எம்மா, கைக்கொழந்தைய வெயில்ல வச்சிக்கினு வாத்துக்கு வக்காலத்தா? வீட்டுக்குப் போ."

கரையில் பலகை இருக்கிறது. வெளிநாட்டுப் பறவைகளைத் துன்புறுத்தாதீர்கள் என்று. விருந்தாளிக்கு மட்டும்தான் மரியாதை. வருஷம் முழுக்க இங்கேயே கிடப்பதற்கு அதில் ஒரு வரி இல்லை.

அலகு தொடங்கும் இடத்தில் சிவப்புப் பொட்டு வைத்தது நம் கிளையினம். பர்மாப் பக்கத்துக் கிளையினத்துக்கு அந்தப் பொட்டு சிறிது, சிலவற்றுக்கு இல்லவே இல்லை. சீனா, ஜப்பான் பக்கத்து வாத்தைத் தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். "பொட்டு வச்சவ ஊரத் தாண்ட மாட்டாடி" என்று பரீட்சைக்கு எனக்கு மனப்பாடம் பண்ண வைத்தாய். பாகிஸ்தானிலிருந்து இலங்கை வரை இருந்தாலும், தண்ணீர் வற்றினால் அடுத்த ஏரிக்குப் போகும், அவ்வளவுதான். இதையெல்லாம் அந்த ஆளிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். சிரித்தார்.

அப்போதுதான் கோரைக்குள்ளிருந்து தாய் வாத்து வந்தது. ஒரு இறக்கையை இழுத்துக்கொண்டு, தண்ணீரை அடித்து அடித்து, எதிர்ப்பக்கமாகப் போனது. டிரைவர் எஞ்சினை நிறுத்தினார்.

"அடிபட்டுடுச்சா?"

"இல்லண்ணா, நடிக்குது. குஞ்சு பக்கத்துலதான் இருக்கு. நம்மள அந்தாண்ட இழுத்துக்கினு போவுது."

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். "இன்னிக்கு நான் எடுக்கல சார்."

"நாளைக்கு வேற டிரைவர் வருவான்" என்றார் மற்றவர், என்னைப் பார்த்து.

வீட்டில் இவர் கேட்கிறார், "சின்னப் புள்ளைய வச்சிக்கினு நமக்கெதுக்கு வம்பு?" ஒரு இருமலுக்கே பயந்து சாகிறவள் நான், உனக்குத் தெரியாததா? ஆனால் அந்த வாத்துக்கு மட்டும் பயம் இருந்திருக்காதா, மாலு?

நாளைக்குப் போவேன். குஞ்சுகள் பறக்கிற வரைக்கும் தினமும் போவேன். சளி இறங்காவிட்டால் யாழினியை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவேன். எந்த டிரைவர் வந்தாலும் ஸ்கூட்டி குறுக்கேதான் நிற்கும். முதலில் இறங்கி வந்து அந்த வாத்தைப் பார்க்கட்டும். பலகையின் கீழே அதன் பெயரையும் எழுதப்போகிறேன், சிவப்புப் பொட்டோடு. யாரிடமும் கேட்கப்போவதில்லை.

உன் படத்தைத் தொட்டுப் "பெரிம்மா" சொல்லப் பழகுகிறவளின் அம்மா,
உன் தங்கை செல்வி