சாமிக்கு முடிந்த சிங்கக் காசு

அடியே,

இன்று காலை மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்தேன். உள்ளங்கையில் செம்பு வாடை. பழங்காசு பரப்பிய உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையே இப்படித்தானே மணக்கும்! நீ போய்ச் சேர்ந்த பிறகு இந்த வாடை என்னை இப்படி உலுக்கியதில்லை.

இந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்களெல்லாம் டாலர் சம்பளம் வந்ததும் பக்கத்து ஊர் எடிசனுக்குத் தங்கம் வாங்க ஓடுவோம். நீயோ கருத்துப்போன பொடிக்காசுகளைத் தபாலில் வரவழைப்பாய். தினேரோ. ஸ்பெயினில் அந்தக் காலத்தில் இருந்த காஸ்டீல் ராஜ்யத்துச் சில்லறை. செம்போடு துளி வெள்ளி. ஒரு பக்கம் கோட்டை, மறுபக்கம் சிங்கம். சுத்தியலால் அடித்தவை என்பதால் எதிலும் உருவம் முழுசாக விழுந்திருக்காது. கேலி செய்தால், "தங்கத்தை ராஜா வெச்சுக்கட்டும்டி. ரொட்டி வாங்கினவ கையில இருந்தது இதுதான்" என்பாய்.

ஒரே ஒரு காசில் மட்டும் கோட்டையும் சிங்கமும் குறையில்லாமல் விழுந்திருந்தன. தொண்ணூற்றேழில் நாணயச் சங்கத்துக் கண்காட்சியில் முதல் தடவையாக உனக்கு ஒரு மேஜை கொடுத்தார்கள். பரிசுக்கு நீ நம்பியிருந்தது அந்தக் காசைத்தான்.

கிளம்புகிற காலையில் நான் வந்து பார்த்தால், காசுகளைப் பதித்து வைக்கும் தட்டில் அதன் குழி காலி. கரூரிலிருந்து வந்திருந்த உன் மாமியார் பூஜை அலமாரியைக் காட்டினார். முந்தின நாள் உன் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தபோது, பழனிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டாராம்.

"இந்த ஊரு குவார்ட்டர் காசை முருகன் எங்கே கொண்டுபோய் மாத்துவாரு கண்ணு? சிங்கம் போட்டிருக்கவும் ஏதோ கோயில் காசுன்னு நெனச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. "வேற காசை முடிஞ்சு வெச்சிட்டு இதை எடுத்துக்கடி" என்றேன்.

நீ மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். காய்ச்சல் விட்டிருந்தது. "சாமிக்குன்னு முடிஞ்சதை எப்படிடி மாத்துறது?" என்றாய். கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். பிறகு, "அத்தை, அவிழ்க்க மாட்டேன், இன்னிக்கு மட்டும் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டாய்.

கண்காட்சியில் அந்தக் குழியில் மஞ்சள் முடிச்சு உட்கார்ந்திருந்தது. நடுவர் குனிந்து பார்த்தார். காசைப் பார்க்காமல் மதிப்பெண் போட முடியாது, அவிழ்த்துக் காட்டுங்கள் என்றார். நீ நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னாய்: "எழுநூறு வருஷமாக இது சும்மாக் கிடந்தது. நேற்றுதான் என் மகளுக்காக மறுபடி வேலைக்குப் போயிருக்கிறது. இப்போது நிறுத்த முடியாது."

பரிசு அடுத்த மேஜைக்காரருக்குப் போனது. போகட்டுமே! எனக்கென்னவோ அன்று உன் பக்கத்தில் நிற்பதே பெருமையாக இருந்தது.

மறுவருஷம் பழனிக்கு நானும் வந்தேன். உண்டியல் முன்னால், "கடைசியா ஒரு தடவை பிரிச்சுப் பாத்துக்கடி" என்றேன்.

"பாத்தா போட மாட்டேன்டி" என்று சொல்லிவிட்டு முடிச்சோடு போட்டாய்.

உன் மற்றக் காசுகள் இப்போது யார் யாரிடமோ இருக்கின்றன. என்னிடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் உன்னைப் பற்றி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்: ஸ்பெயின் ராஜாவின் காசைப் பழனியாண்டவருக்குப் போட்டாளே ஒருத்தி, அவள் என் சிநேகிதி.