தம்பி நினைக்கிறான்

செவ்வாய் இரவு. அம்பிட்டிய.

இல்லை, அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வாதம் வந்து படுக்கையில் கிடக்கும் அப்பா சனிக்கிழமை வாந்தியெடுத்தார். அது புரைக்கேறி மூச்சுத் திணற இருமினார். அம்மா அவருடைய உச்சியில் தட்டினாள்.

"தம்பி நினைக்கிறான். எங்கயோ உயிரோட இருக்கிறான், பாத்தியே?"

சண்டை தொடங்கியபின் யாழ்ப்பாணத்திலிருந்து தம்பியின் கடிதம் ஒன்றும் வரவில்லை.

இன்று கண்டி ஆஸ்பத்திரியில், அப்பாவின் கட்டிலருகே, டொக்டர் எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வாந்தி நுரையீரலுக்குள் போய் நியுமோனியா ஆகிவிட்டது, அப்பா தாங்குவது கடினம் என்றார். ஆங்கிலத்தில் சொன்னதால் அம்மாவுக்கு விளங்கவில்லை.

"என்னவாம், பிள்ளை?"

"நெஞ்சில சளியாம், அம்மா."

அப்போது அப்பாவுக்கு மறுபடியும் இருமல் வந்தது. உடம்பெல்லாம் குலுங்கியது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கண்டேன்.

"உன்ர தம்பிக்கு அங்க வேற வேலையில்லை போல."

"ஓம், அம்மா" என்றேன்.

அப்பாவின் தலையணையை உயர்த்தி வைத்தேன். பிறகு நானும் அவருடைய உச்சியில் மெதுவாகத் தட்டினேன்.