உன் மாமியார் பார்த்த நாடகம்

போடிநாயக்கனூர்,
சித்தார்த்தி வருடம், தை மாதம்.

அருமை மகள் பொன்னுமணிக்கு அம்மா சுருளியம்மாள் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், ரங்கூனில் நீயும் மாப்பிள்ளை வெள்ளைத்துரையும் அவ்வண்ணமே இருக்கப் பரமசிவன் காக்கட்டும். சிலமலையிலிருந்து உன் மாமியார் போடும் கடிதத்துக்கு முன்னால் இது உன் கையில் சேர வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

போன ஆடியில் உன் அப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. அடுத்த மாதம் சந்தைப்பேட்டையில் நாடகம், வழக்கம்போல ராஜா வேஷம். சிம்மாசனத்தில் உட்கார்ந்து சேனாதிபதியைக் கூப்பிட வாயைத் திறந்தால், வார்த்தைக்கு முன்னால் சீட்டிச் சத்தம் வருகிறது. கூட்டம் சும்மா இருக்குமா, அதுவும் பதிலுக்குச் சீட்டி அடித்தது. அரிதாரத்தைக்கூடக் கலைக்காமல் வீட்டுக்கு வந்தவர், "இந்த ராக்கையாவோட ஆட்டம் முடிஞ்சு போச்சு சுருளி" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஓயாமல் கதை சொல்லுகிற மனுஷன் அதற்கப்புறம் பல நாள் சோறு கேட்கக்கூட வாயைத் திறக்கவில்லை. அவரோடு மந்திரி வேஷம் கட்டுகிற காசிமாயன் ஒருநாள் பார்க்க வந்தான். அவனைக் கண்டதும் என்ன தோன்றியதோ, ஒரு ராணி மாமியார் தொல்லை தாங்காமல் எதிரி ராஜாவுக்கு ஓலை அனுப்பி, "வெரசா படையெடுத்து வாரும், சிறைக்குள்ளயாச்சும் நிம்மதியா இருப்பேன்" என்று கெஞ்சியதாக அந்த இடத்திலேயே ஒரு கதையை இட்டுக்கட்டிச் சொன்னார். காசிமாயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இதை எழுதிக் குடுங்க, நாங்க ஆடுறோம்" என்றான். அன்றைக்குப் பேனா பிடித்தவர்தான், கீழே வைக்கவில்லை. எழுதுகிறவர் உட்கார்ந்து எழுதினால் என்ன? ஒவ்வொரு வரியையும் எழுந்து ஆடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். ராணி வசனத்துக்காக என் கண்டாங்கிச் சேலையைச் சுற்றிக்கொண்டு கொல்லையில் அழ, பக்கத்து வீட்டுக் கருத்தம்மா இழவு விழுந்துவிட்டதென்று மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

போன வாரம் குரங்கணியில் அதை ஆடினார்கள். ஏலத்தோட்டத்து ஆட்களெல்லாம் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். சம்பந்தி எழுதிய நாடகமாயிற்றே என்று உன் மாமியார் ஜக்கம்மாளும் சிலமலையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மேடைக்கு ராஜாவின் தாய் வந்தாள். "எனக்கென்ன, நான் வாயே தொறக்க மாட்டேன்" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் பேசினாள். ராணி வைத்த குழம்பை நக்கிப் பார்த்து, "நல்லாத்தேன் இருக்கு, ஆனா கொழம்பு மாதிரி இல்ல" என்றாள். அத்தனையும் உன் கல்யாணத்துக்கு மறுநாள் உன் மாமியார் உன்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகள்! ஜனங்கள் உருண்டு சிரிக்கிறார்கள், நான் மட்டும் என் மகள் வாழ்க்கைக்கு என்ன கேடு வரப்போகிறதோ என்று பதறிக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால், ஜக்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரிக்கிறார். ஆட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, அண்ணே ஒங்களைப் போயி இப்புடி மேடையேத்திட்டாரே, மனசுல வச்சுக்கிறாதீக" என்று ஆறுதல் சொன்னார்!

வீடு வரும்வரை வண்டியில் உன் அப்பாவிடம், மேடையில் வந்த மாமியார் சம்பந்தியம்மாவா நானா என்று துளைத்துவிட்டேன். பல்லில்லாத வாயால் சிரித்துக்கொண்டே வந்தாரே தவிர, நீ இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உன் மாமியார் எனக்காக இரக்கப்பட்டு எழுதுவார், நீயும் இரக்கப்பட்டே பதில் போடு. மாப்பிள்ளையிடம் மூச்சு விடாதே. கப்பல் சரக்கு மீனை நம்பி வாங்காதே, தலைக்கு எண்ணெய் வை. இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுது: நான் அப்படியா பேசுகிறேன்? யோசிக்காமல் உடனே பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
சுருளியம்மாள்