கடைசி எண்

இன்று காலை திரையில் பிழையைச் சொல்லும் அந்தச் சிவப்பு வரி மறுபடி வந்தது. நிரலுக்குள் திரெட் என்கிற வேலை இழை ஒன்று பெயர்ப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, கூடவே ஓடும் இன்னொரு திரெட் அதில் ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறது. ஜாவா நிரல் பாதியில் நின்றுவிட்டது. பழக்கத்தில், நீ உட்காரும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். யாரோ அதில் பிரிண்டர் தாள்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

திண்டுக்கல்லில் நமக்குக் கிடைத்த முதல் வேலை, பூ விவசாயிகளுக்குக் காலையில் மல்லிகை விலையைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிற நிரல். முதல் வாரமே இதே சிவப்பு வரி. பாதிப் பேருக்கு விலை போகவில்லை. நான் பட்டியலைப் பூட்டினேன். சுற்று முடியும்வரை யாரையும் சேர்க்க முடியாமல் பதிவு செய்யும் இடத்தில் கூட்டம் நின்றது.

"ஏலே, மார்க்கெட்டையே பூட்டிப்புட்டியே" என்று சிரித்தாய். ஒரு கணம் மட்டும் பூட்டி, பட்டியலை நகலெடுத்து, பூட்டைத் திறந்துவிட்டு நகலைச் சுற்றவிட்டாய். "அது பாட்டுக்குச் சுத்தட்டும், இது பாட்டுக்கு மாறட்டும்."

பட்டியலின் கடைசியில் உன் போன் எண்ணையே போட்டாய். புதியவர்கள் அதற்கு முன்னால்தான் சேர்வார்கள். உனக்கு வந்தால் எல்லாருக்கும் போய்விட்டது என்று அர்த்தம். "வந்துருச்சுலே" என்பாய். அப்புறம்தான் டீக்குக் கிளம்புவோம்.

ஒரு வாரக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். காரியம் முடிந்த மறுநாள் காலை, சேவுகம்பட்டியிலிருந்து உன் மனைவி பேசினாள்.

"அண்ணே, அவரு போன்ல தெனமும் பூ வெலை வருது. சத்தம் கேட்டதும் அவருகிட்ட எடுத்துக் குடுக்க எந்திரிச்சிர்றேன். நிப்பாட்டிருங்கண்ணே."

உடனே உன் எண்ணை அழித்தேன். "எடுத்துட்டேம்மா, இனிமே வராது" என்று சொல்லி வாய் மூடவில்லை, அவள் பக்கத்தில் உன் போன் அடித்தது. நான் அழிப்பதற்கு முன்பே அன்றைய சுற்று நகலெடுத்துக் கிளம்பியிருந்தது. அந்த நகலில் நீ இருந்தாய். அது எனக்குத் தெரியாததில்லை, அந்த நேரத்தில் தோன்றவில்லை. நான் அழவில்லை. காது அடைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

நிரலைப் புதிதாக எழுதியபோது, அழித்த பெயர் இனி எந்த நகலிலும் தங்கக் கூடாதென்று, நகலெடுக்கும் வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கடைசி இடத்தில் என் எண்ணைப் போட்டேன். இன்று அதை முதன்முதலாக ஓடவிட்டேன். சிவப்பு வரி வந்தது. பாதிப் பேர் விலை தெரியாமல் பூவோடு நின்றிருப்பார்கள்.

நகலெடுக்கும் உன் வரியைத் திரும்ப எழுதி, மறுபடி ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. உன் நாற்காலியிலிருந்த தாள்களை எடுத்துக் கீழே வைத்தேன்.

"வந்துருச்சுலே" என்றேன், அந்தப் பக்கம் பார்த்து.